சூல்வெய்: ஒரு வடபுலப் பெண்பெயரின் கதை



எங்கள் ஒழுங்கையில் ஆச்சி ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய மூத்த மகன் 1980களில் நோர்வே நாட்டுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அந்த மகனின் மகள் ஒரு நோர்வேஜிய இளைஞரை மணந்தார். சென்ற ஆண்டு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆச்சிக்குப் பூட்டப்பிள்ளை. கைத்தொலைபேசியில் வந்த படத்தைக் காட்டிவிட்டு ஆச்சி என்னிடம் கேட்டார்:

"மாஸ்ரர், பிள்ளைக்குச் சூல் எண்டு தொடங்கிற ஏதோ ஒரு பேர் வைச்சிருக்கினம். தேப்பன்ர பாட்டியின்ர பேராம். இதுக்கு ஏதும் கருத்து இருக்கோ, இல்லாட்டிச் சும்மா வாயில வந்ததோ?"

ஐரோப்பிய எழுத்தில் ஒருவிதமாக எழுதி வேறுவிதமாக உச்சரிக்கப்படும் பெயர் அது. எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'சொல்வெய்க்' என்று வரும். நோர்வேஜியர் வாயில் அது 'சூல்வெய்'. அவர்களுடைய நெடில் ஓகாரம் எங்கள் காதில் ஊகாரமாகவே விழும். இறுதியில் நிற்கும் ககரம் ஒலிப்பதில்லை. தமிழ்ச் செவிக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்துப்படி சொன்னால் 'சொல்' கேட்கிறது. ஒலிப்படி சொன்னால் 'சூல்' கேட்கிறது. ஆச்சியும் முதலில் பிள்ளைப்பேற்றோடு தொடர்புள்ள பெயரோ என்றுதான் நினைத்தாராம். இரண்டும் தற்செயல்.

அடுத்த முறை தொலைபேசியில் பேசியபோது பேத்தியார் விளக்கம் சொல்லியிருக்கிறார்: 'சூல்' என்றால் சூரியன், 'வெய்' என்றால் பாதை, ஆகவே 'சூரியன் செல்லும் பாதை'. ஆச்சிக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் மனதில் ஓர் ஐயம். அழகான விளக்கம் எளிதாகக் கிடைத்தால் அதை இரண்டாம் தரம் பார்க்கவேண்டும் என்பது இலக்கணம் படிப்பிப்பவனின் தொழிற்குணம். கிடைத்த நூல்களைப் புரட்டினேன். அப்போது அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேத்தியார் பொய் சொல்லவில்லை. இன்றைய நோர்வேஜிய மொழியில் சூரியனுக்குச் 'சூல்' என்றுதான் பெயர். பாதைக்கு 'வெய்' என்றுதான் பெயர். டென்மார்க்கில் இதே பெயரை எழுதும்போது இறுதிக் ககரத்தையும் விட்டுவிடுவதுண்டு. அப்படி எழுதினால் அது டேனிய மொழியின் 'சூரியன்', 'பாதை' என்ற இரு சொற்களை அப்படியே சேர்த்து வைத்ததாகிவிடும். ஆகவே டேனியரும் நோர்வேஜியரும் இப்பெயரைக் கேட்டவுடன் வெயில் விழுந்த ஒரு வழியை மனக்கண்ணில் காண்பதில் வியப்பில்லை.

அந்த நாட்டின் காலநிலையையும் சேர்த்து நினைக்கவேண்டும். எங்களுக்கு வெயில் ஒரு தொல்லை; நிழலைத் தேடுகிறவர்கள் நாங்கள். நோர்வேயின் வடக்கிலுள்ள துறொம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. ஜனவரியில் அது திரும்பி வரும் நாளைச் சிறுவரும் பெரியவரும் பணிகாரம் உண்டு கொண்டாடுகிறார்கள். தெற்கே ரியூக்கான் என்றொரு சிறு நகரம் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. செப்டெம்பர் முதல் மார்ச் வரை மலை மறைத்துவிடுவதால் அங்கே நேர் வெயில் விழாது. 2013ஆம் ஆண்டில் மலைச்சரிவிலே பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, அவற்றால் வெயிலைத் திருப்பி நகரச் சதுக்கத்தில் விழச் செய்தார்கள். வெயிலை இப்படிக் கண்ணாடி வைத்துப் பிடிக்கும் மக்கள், தம் பெண்பிள்ளையின் பெயரில் சூரியன் இருப்பதாக நம்பினால் அந்த நம்பிக்கையை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் சொற்பிறப்பு என்பது விருப்பத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் பின்பாதியை எடுத்துக்கொள்வோம். ஒலிக்காமற் போன அந்த ககரம்தான் இங்கே முக்கிய சாட்சி. பழைய நோர்ஸ் மொழியில் (இன்றைய நோர்வே, ஐஸ்லாந்து மொழிகளுக்குத் தாய்) பாதைக்கு 'வெகர்' என்று பெயர். எங்கள் பெயரில் இருப்பதோ 'வெய்க்' என்ற வேறொரு சொல். அதற்கு வலிமை என்று பொருள் கொள்வர். வெறியூட்டும் மதுவையும் பழைய பாடல்கள் 'வெய்க்' என்றே சுட்டுகின்றன. பிற்காலத்தில் நோர்வேயில் ககரம் நாவிலிருந்து நழுவியபோது 'வலிமை'யும் 'பாதை'யும் ஓசையில் ஒன்றாகிவிட்டன. பழஞ்சொல் வழக்கொழிந்தது, தெரிந்த சொல் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐஸ்லாந்தில் இன்றும் இந்தப் பெயரைக் ககரத்தோடுதான் உச்சரிக்கிறார்கள்.

இந்த 'வெய்க்' ஒரு பெயரில் மட்டும் தனித்து நிற்கவில்லை. ஐஸ்லாந்தின் முதற் குடியேறியாக மரபு கூறும் இங்கோல்வ் ஆர்னார்சனின் மனைவி ஹல்வெய்க். பழைய எட்டாப் பாடலொன்றிலே தேவர்கள் ஈட்டியாற் குத்தி மூன்று தரம் எரிக்க, மூன்று தரமும் மீண்டும் பிறந்துவரும் மர்மப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் குல்வெய்க். 'குல்' என்பது பொன். பொன்னின் வலிமையா, பொன்மீது கொள்ளும் வெறியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பெண்பெயரின் ஈற்றில் 'வலிமை' என்று வைக்கும் சமூகம் அது. மென்மையையும் பூவையும் பெண்பெயரிலே தேடிப் பழகிய நமக்கு இது சற்றுப் புதியது.

முன்பாதிதான் சிக்கல். சூரியன் என்றே கொள்ளும் அறிஞர் உண்டு. அதற்கு இடமும் இருக்கிறது. வடபுலத்துப் பழங்கதைகளில் சூரியன் ஆண் அல்ல, பெண். அவளுடைய தேரை இரண்டு குதிரைகள் இழுக்கும்; ஓநாய் ஒன்று துரத்திக்கொண்டே வரும். சந்திரன்தான் ஆண். ஆகவே பெண்குழந்தைக்குச் சூரியனின் பெயர் இயல்பாகவே பொருந்தும். வேறொரு செய்தியும் நம்மவருக்குச் சுவையாக இருக்கும்: வடமொழிச் சூரியன், இலத்தீன் மொழியின் 'சோல்', நோர்வேயின் 'சூல்' ஆகிய மூன்றும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. இங்கே ஒலி ஒப்புமை தற்செயல் அல்ல, உண்மையான உறவு.

ஆயினும் பலர் வேறொரு சொல்லைக் காட்டுகிறார்கள். அது 'சல்ர்', வீடு, மண்டபம் என்பது பொருள். 'சல்' என்பதில் தொடங்கும் பழம்பெயர்கள் உண்டு. எகில் என்ற கவிவீரனின் கதையைச் சொல்லும் ஐஸ்லாந்துச் சாகாவில் அவனுடைய பாட்டியின் பெயர் சல்பியோர்க். சரி, 'சல்' எப்படிச் 'சொல்' ஆனது? பழைய நோர்ஸ் மொழியில் ஒரு விதி இருந்தது. அகரத்தை அடுத்து உகரமோ வகரமோ வந்தால், பின்னே வரும் இதழ்குவிவு முன்னே பரவி, அந்த அகரத்தையும் ஒகரச் சாயலாக மாற்றிவிடும். 'சாகா' என்ற சொல்லே பன்மையில் 'சோகுர்' ஆவது இவ்விதியால்தான். அதன்படி 'சல்' என்பது 'வெய்க்' என்ற சொல்லின் வகரத்தைச் சந்தித்தபோது 'சொல்வெய்க்' ஆயிற்று. அதன்பின் சூரியனைக் குறிக்கும் சொல்லின் கவர்ச்சியால் அந்தக் குறில் நெடிலாயிற்று என்பர். எங்கள் புணர்ச்சி விதிகளைப் படித்தவர்களுக்கு இது விளங்காத சங்கதி அல்ல.

இதற்கு வலுச்சேர்ப்பது ரன்வெய்க் என்ற இன்னொரு பெண்பெயர். 'ரன்' என்றாலும் வீடுதான். ஆங்கிலத்தில் 'ரான்சக்' என்று ஒரு சொல் இருக்கிறதே, ஓரிடத்தைக் கிளறிச் சூறையாடுவது, அது நோர்ஸ் மொழியிலிருந்து போனது. 'வீட்டைச் சோதனையிடுதல்' என்பதே அதன் மூலப் பொருள். ரன்வெய்க் 'வீட்டின் வலிமை' என்றால், அதே பொருளில் இன்னொரு சொல்லால் அமைந்த உடன்பிறப்பாகச் சொல்வெய்க்கைக் கொள்வது பொருத்தமாகவே தெரிகிறது. என்னைக் கேட்டால் நானும் இந்தப் பக்கமே சாய்வேன்.

'சல்ர்' என்ற இந்தச் சொல்லின் உறவினர் ஒருவர் எங்கள் சந்தியிலும் இருக்கிறார். ஜெர்மானிய மொழிகளில் மண்டபத்தைக் குறித்த இச்சொல் இத்தாலிய மொழிக்குள் புகுந்து 'சாலா' ஆகி, பெரிய மண்டபம் என்ற பொருளிற் 'சலோனே' ஆகி, பிரெஞ்சில் 'சலோன்' ஆகி, ஆங்கிலத்தின் வழியாகச் 'சலூன்' என்று வந்து சேர்ந்தது. நாங்கள் தலைமயிர் வெட்டப் போகும் சலூன்தான். அதற்காகப் 'பாடசாலை'யின் சாலையையும் இதனோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். அந்த வடசொல் வேறு வழியில் வந்தது. ஒலி ஒத்தால் உறவு என்று எண்ணுவதுதான் இக்கட்டுரையில் நான் தேடிப்பிடிக்கும் குற்றமே.

'சூல்' சூரியனைக் குறிக்கும் இடங்கள் இல்லை என்பதல்ல. சமாதான முயற்சிக் காலத்தில், 2002ஆம் ஆண்டை ஒட்டி, எங்கள் பத்திரிகைகளில் நாள் தவறாமல் அடிபட்ட பெயர் எரிக் சொல்ஹெய்ம். அவருடைய குடும்பப் பெயரிலுள்ளது சூரியன்தான். 'வெயில் படும் மனை' என்று பொருள்படும் பண்ணைப் பெயர் அது. ஒரே எழுத்துகள், இரண்டு பெயர்கள், இரண்டு வரலாறுகள்.

பழங்காலத்தில் இப்பெயர் பெற்றிருந்தவர்களில் ஒருவரைக் குறிப்பிடவேண்டும். 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் ஒட்டி என்னும் இடத்துப் பெருங்குடியிற் பிறந்த சொல்வெய்க், சேமுன்ட் என்பவரின் மகள். எட்டாக் கதைகளைத் தொகுத்தெழுதிய ஸ்னோரி ஸ்டுர்லுசன் சிறுவயதில் வளர்ந்ததும் அந்தக் குடியில்தான். ஸ்னோரியின் அண்ணன் மகனான ஸ்டுர்லா இவரை மணந்தார். ஐஸ்லாந்தின் குலங்கள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்த காலம் அது. 1238இல் ஓர்லிக்ஸ்ஸ்டாடிர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஸ்டுர்லாவும் அவருடைய தகப்பனும் கொல்லப்பட்டனர். வீட்டின் வலிமை என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு மிஞ்சியது கணவனும் மாமனும் இல்லாத வீடு.

நோர்வேயிலோ காலப்போக்கில் இப்பெயர் தேய்ந்து, கிராமப்புறங்களில் பல சிதைந்த வடிவங்களில் ஒதுங்கிக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது ஒரு நாடகம். ஹென்றிக் இப்சன் 1867இல் இத்தாலியில் இருந்துகொண்டு எழுதிய 'பியர் கின்ட்' என்ற செய்யுள் நாடகந்தான் அது. பியர் என்ற பாத்திரத்தை அவர் நோர்வே நாட்டார் கதையிலிருந்து எடுத்தார். அந்த நாட்டார் கதையில் சூல்வெய் இல்லை. அவள் இப்சன் சேர்த்தவள்.

கதை இதுதான். பியர் பொய்யும் பெருமையும் பேசித் திரியும் ஓர் இளைஞன். ஒரு கலியாண வீட்டில், பிரார்த்தனைப் புத்தகத்தைக் கைக்குட்டையிற் சுற்றிப் பிடித்தபடி தாயின் பாவாடையைப் பற்றிக்கொண்டு வரும் ஒரு சிறு பெண்ணைக் காண்கிறான். அவள் சூல்வெய். அன்றைக்கே அவன் மணப்பெண்ணைக் கடத்திக்கொண்டு மலைக்கு ஓடி, ஊரின் தண்டனைக்குள்ளாகிறான். காட்டில் குடிசை போட்டு ஒளிந்திருப்பவனிடம், பெற்றோரையும் தங்கையையும் விட்டுவிட்டு, பனிச்சறுக்குப் பலகையில் தனியே வருகிறாள் சூல்வெய். ஆனால் அவனுடைய பழைய பாவங்கள் அவனைத் தேடி வந்துவிடுகின்றன. சற்றுப் பொறு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறவன் மொறொக்கோ, எகிப்து என்று உலகம் சுற்றிக் கிழவனாகித்தான் திரும்புகிறான். குடிசை வாசலில், கண்பார்வை மங்கிய கிழவியாக, அவள் இருக்கிறாள்.

இந்த நாடகத்தை மேடையேற்ற நினைத்த இப்சன், 1874இல் எட்வார்ட் கிறீக் என்ற இசையமைப்பாளரிடம் இசை கேட்டு எழுதினார். 1876 பெப்ரவரி 24ஆம் திகதி, இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் நாடகம் அரங்கேறியது. நூற்றுக்கொண்டிருக்கும் சூல்வெய் பருவங்கள் மாறி மாறிப் போவதை நினைந்து பாடும் ஒரு பாட்டு அதில் உண்டு. துயரமான மெட்டில் தொடங்கி, சொற்கள் முடிந்த இடத்தில் வெறும் குரலின் ஆலாபனையாகத் துள்ளும் அந்தப் பாட்டைப் பெயர் தெரியாமலே உங்களிற் பலர் எங்காவது கேட்டிருக்கலாம். நாடகம் போகாத நாடுகளுக்கும் பாட்டுப் போயிற்று. பாட்டோடு பெயரும் போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோர்வேயில் பெண்குழந்தைகளுக்கு இது பெருவழக்கான பெயராயிற்று. பின்லாந்தில் சுவீடிய மொழியில் எழுதிய கவிஞர் சொல்வெய்க் வொன் ஷூல்ட்ஸ் பிறந்தது 1907இல். ஆச்சியின் பூட்டப்பிள்ளைக்குப் பெயர் கொடுத்த அந்த நோர்வேஜியப் பாட்டியும் அந்த அலையின் பின்வரிசையில் வந்தவராகவே இருக்கவேண்டும்.

நாடகத்தை மறுபடி வாசித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. 1867இல் வெளிவந்த மூலத்தில் இப்சன் இந்தப் பெயரை டேனிய முறைப்படி எழுதியிருக்கிறார். பாதை என்ற சொல் அதற்குள்ளே வெளிப்படையாகத் தெரியும். நாடகம் முழுவதும் பியர் வழியிலே திரிபவன்; அவனைப் பிடிக்க வந்தவன் கடைசியாக அவனுக்குத் தவணை கொடுப்பதும் ஒரு நாற்சந்தியைச் சொல்லித்தான். சூல்வெய்யோ வீட்டிலே இருப்பவள். அந்தக் குடிசையை வீடாக வைத்திருந்த வலிமை அவளுடையது. இறுதிக் காட்சியில் அவள் தாலாட்டுப் பாடப் பாடச் சூரியன் உதிக்கிறது. பண்டிதர்கள் பிரித்துப் பார்த்துச் சண்டை பிடிக்கும் சூரியன், பாதை, வீடு, வலிமை எல்லாம் ஒரே நாடகத்தில் அவளைச் சுற்றி நிற்கின்றன. இப்சன் எண்ணித்தான் செய்தாரோ, தானாக அமைந்ததோ, நான் வழக்குரைக்க வரவில்லை.

ஒருவனுக்காக ஆயுள் முழுவதும் காத்திருப்பதைப் பெண்ணின் பெருமையாகக் காட்டலாமா என்று இந்தப் பாத்திரத்தைக் கண்டித்தோர் உண்டு. கண்டனம் நியாயமானது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1879இல், வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போகும் நோராவைப் 'பொம்மை வீடு' நாடகத்திற் படைத்தவரும் இதே இப்சன்தான். ஆனால் பாட்டைக் கேட்டு உருகுகிறவர்களும் சரி, பாத்திரத்தைக் கண்டிக்கிறவர்களும் சரி, மூன்றாம் அங்கத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஊரே தள்ளிவைத்த ஒருவனிடம், யாரும் சொல்லாமல், திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்தும், பனியில் தனியே வந்தவள் அவள். நோரா கதவைச் சாத்துவதற்கு முன்னரே ஒரு வீட்டை விட்டுப் புறப்பட்டவள் அவள்தான்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஆச்சியிடம் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. ஒழுங்கை முழுவதும் சொல்லி மகிழ்ந்த 'சூரியன் பாதை'யைப் பிடுங்கிக்கொள்வதா? ஆயினும் கேட்டவருக்கு உள்ளதைச் சொல்வதுதான் முறை. ஓர் அந்திப்பொழுதில் போய், பாதை இல்லை ஆச்சி, வலிமை என்றேன். சூரியனோ வீடோ என்பதில் இருதரப்பும் உண்டு, வீடு என்பதே எனக்குச் சரியாகப்படுகிறது என்றேன். நாடகத்தைப் பற்றிக் கேட்டார். குடிசையையும் சூரியன் உதிப்பதையும் சொன்னேன். அந்தப் பெண் எத்தனை வருடம் வாசலில் இருந்தாள் என்பதைச் சொல்லவில்லை. மகன் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட வீட்டிலே, விறாந்தையில் அவருக்கு எதிரே இருந்துகொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆச்சி சற்று யோசித்தார். "வீட்டுக்குப் பலம் எண்டால் சூரியனை விட நல்லதுதானே" என்றார். பிறகு, "உந்தப் பேரைச் சுருக்கிக் கூப்பிட ஒரு வழியும் இல்லையோ?" என்று கேட்டார்.

இருக்கிறது. நோர்வேயில் சூல்வெய்யின் பக்கவடிவமாக வழங்கும் பெயர் ஒன்று உண்டு. அதன் முதலுயிர் எங்கள் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்டது. நம் காதுக்கு ஏறக்குறைய 'செல்வி' என்றே கேட்கும். வெள்ளியைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லோடு ஓசை ஒத்திருப்பதால், அங்கே அதற்கு வெள்ளி என்று கருத்துக் கொள்வாரும் இருக்கிறார்கள். இதையும் விளக்கத் தொடங்கினேன். நான் முடிக்குமுன் ஆச்சி கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார். அடுத்த நாட் காலை பால் வாங்கப் போனபோது, பூட்டப்பிள்ளைக்குச் செல்வி என்று தமிழ்ப் பெயர்தான் வைத்திருக்கிறார்களாமே, மாஸ்ரரே பார்த்துச் சொன்னவராமே என்று பாற்காரர் என்னிடம் விசாரித்தார்.